நிகர எடை

முதல் ஷெட்டில் இப்போது தண்ணீர் கேன் நிரப்புகிறார்கள்.
வாடகை ஒழுங்காக வருகிறது என்றார் முதலாளி.
இரண்டாவது ஷெட்டில் நாங்கள்.
ஆஃப்செட் இயந்திரம் செய்பவர்கள் என்று
மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை வாசலில்
போர்டு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.
முழுசாக ஒன்று செய்து பதினெட்டு மாதம்.
ரோலர் செய்கிறோம். கிரிப்பர் செய்கிறோம்.
எங்கோ ஓடுகிற எதற்கோ
தேய்ந்த பல்லுக்குப் பல்.

நான் உதிரிபாகப் பிரிவு.
ஒரு மேசை, ஒரு தொலைபேசி,
ஒன்றிலிருந்து 2316 வரை
எதை யாருக்கு விற்றோம் என்று ஆறு பேரேடுகள்.
பெயர் சொன்னால் எனக்குத் தெரியாது,
எண்ணைச் சொல்லுங்கள்.
1147 நெய்வேலி. ஆறு மாதத்துக்கொரு டேம்பிங் ரோலர்.
1602 விருத்தாசலம். பாக்கி பதினோராயிரம்,
கேட்டால் மச்சானுக்கு ஆபரேஷன்,
மூன்று வருடமாக.

போன தையில் ஓர் அழைப்பு.
"1388ம்மா."
புரட்டினேன். கடலூர் முதுநகர், இரட்டை வண்ணம்.
"சொல்லுங்க, என்ன பார்ட் வேணும்?"
"பார்ட் வேணாம். மொத்தம் என்ன வெயிட்டு?"
"இடம் மாத்துறீங்களா?"
"ஆமா, ஒரு மாதிரி."
கையேட்டைப் பார்த்துச் சொன்னேன்,
நிகர எடை நாலாயிரத்து இருநூறு கிலோ.
"அதுல பித்தளை எவ்ளோ தேறும்?"

கையேட்டில் அது இல்லை.
எண்ணெய் விடும் துளைகள் நாற்பத்தெட்டுக்கும்
சிவப்புப் புள்ளி வைத்தவர்களுக்கு
இப்படியொரு கேள்வி வரும் என்று தோன்றவில்லை.

ஃபிட்டர் அந்துவானிடம் கேட்டேன்.
அரை நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.
உள்ளே ஒவ்வொரு திருகாகக் கழற்றுகிறார் என்று
விரல்களைப் பார்த்தால் தெரிந்தது.
"புஷ் எல்லாம் சேர்த்து முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு.
இங்க் ரோலரை மட்டும் ஒடைக்க வேணாம்னு சொல்லு."

ஜபருல்லா உடைக்கவில்லை.
டாட்டா ஏஸில் கொண்டுவந்து இறக்கினார்.
இரும்பு விலைக்கு மேல் கிலோவுக்குப் பத்து ரூபாய்.
கடைந்து, ரப்பர் ஏற்றி, புதுசு என்று
1147க்கு அனுப்பினோம்.
பில் போட்டவள் நான்தான்.

அதன்பிறகு செவ்வாய்தோறும் கூப்பிடுகிறார்.
பண்ருட்டி 1733. சிதம்பரம் 912.
பேரேட்டில் சிவப்புக் கோடு இழுக்கிறேன்,
அளவுகோல் வைத்து.
விருத்தாசலத்துக்காரரின் பாக்கியும்
ஒரு செவ்வாயன்று வசூலானது, ரோலராக.

நடுவில் நல்ல செய்தியும் வந்தது.
சிப்காட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனி
மடிப்பு இயந்திரம் கேட்டது.
பெட்டிக்குள் மாத்திரையோடு வைக்கிற தாள்,
எறும்புக்கால் எழுத்து, எட்டு மடிப்பு.
யாரும் பிரிப்பதில்லை, ஆனால்
இல்லாமல் விற்கக் கூடாதாம்.
முதலாளி எல்லோரையும் கூட்டி
இனி இதுதான் நம் எதிர்காலம் என்றார்,
ஆளுக்கொரு மைசூர்பா.
சம்பளம் அந்த மாதமும் பன்னிரண்டாம் தேதிதான்.

ஸ்டோரில் ஆளுயரத்துக்குச் சோதனைத் தாள்கள்.
அனுப்புமுன் எல்லா இயந்திரமும் அடித்துக்காட்டிய
அதே பழத்தட்டு.
திராட்சை, அறுத்த ஆரஞ்சு, ஓரத்தில் நாலு நிறக் கட்டம்.
உதிரிபாகம் சுற்ற அதைத்தான் கிழிக்கிறேன்.
தீரவே தீராது.

நேற்று செவ்வாய்.
எண்கள் சொல்லி முடித்தும் ஜபருல்லா வைக்கவில்லை.
"ஏம்மா, கடைசியா செஞ்சது எந்த நம்பர்?"
"2316."
"அது எங்க இருக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
முன்பணம் கொடுத்தவர் வரவேயில்லை.
சும்மா நின்றால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும் என்று
அந்துவான் தார்ப்பாயை விலக்கி
தாளில்லாமல் பத்து நிமிடம் ஓட்டுவார்.
நேற்றும் ஓட்டிக்கொண்டிருந்தார்.
மேசையில் என் டீ நடுங்கியது.

"என்னம்மா சத்தம்?"
"பக்கத்து ஷெட்டு. தண்ணி கம்பெனி," என்றேன்.
"2316 எங்க போச்சுன்னு எழுதல."

எழுதவில்லைதான். அந்தக் கட்டம் காலி.
மற்றபடி அதே மாடல், அதே கையேடு.
நாலாயிரத்து இருநூறு.
பித்தளை முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.